ஆழ்கிணறும் அதன் காவலும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையிலே கிணறு தோண்டுவது அரிய காரியமன்று. மணலை ஆளுயரம் அகழ்ந்தாற் போதும், நீர் ஊறிவிடும். கோடைகாலத்திற் சிறுவர்கூடக் கையாற் பூவல் தோண்டித் தாகந் தீர்த்துக்கொள்வதுண்டு. ஆயினும், தோண்டிய குழி குழியாகவே நிலைத்து நில்லாது. சற்று நேரத்திற்குள் ஓரங்கள் சரியும். மணலும் நீரும் கலந்து குழி தூர்ந்துவிடும். ஆதலினாற்றான் நம்மவர் சீமெந்துக் கொட்டுகளை ஒன்றன் மேலொன்றாக இறக்கிக் கிணற்றுக்குச் சுவர் அமைக்கின்றனர். பண்டைத் தமிழர் இதனையே சுடுமண் உறைகளாற் செய்தனர். கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட உறைக்கிணறுகள் இதற்குச் சான்று. நீரைக் காண்பது ஒரு கலை. நீர் கண்ட குழியைக் காப்பது வேறொரு கலை. இவற்றுள் பின்னதே கடினமானது.

இன்னுமொன்றையும் இக்கரையினர் அறிவர். நல்ல நீருக்குக் கீழே உவர்நீர் காத்திருக்கிறது. மழை தந்த நன்னீர் பாரங்குறைந்தது. ஆதலின் அது உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் இரண்டும் தத்தம் எல்லையில் நிற்கும். ஆசை மிகுந்து இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையேறியபோது எண்ணற்ற கிணறுகள் உப்பேறிப்போயின. அவற்றைத் துப்புரவாக்கும் எண்ணத்துடன் பொறி வைத்து வேகமாக இறைத்த இடங்களில் உப்பு மேலும் ஏறிய அனுபவமும் உண்டு. நிலத்தடியில் உள்ளவை யாவும் ஒரு சமநிலையில் அடங்கிக் கிடக்கின்றன. அச்சமநிலையைக் குலைப்பவன் அதற்குரிய காவலையும் செய்தல் வேண்டும். இவ்வுண்மை ஆளுயரக் கிணற்றுக்கு எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவும் மூவாயிரம் மீற்றர் ஆழமான எண்ணெய்க் கிணற்றுக்கும் பொருந்தும்.

எண்ணெய்க் கிணறு என்பது இலங்கைக்கு முற்றிலும் புதியதன்று. 1974ஆம் ஆண்டிலே, சோவியத்து நாட்டின் உதவியுடன், மன்னார்த் தீவின் பேசாலையில் முதற் கிணறு துளைக்கப்பட்டது. பின்னர் 2011இல் மன்னார்க் கடலில் கெயின் நிறுவனம் யப்பானியரின் 'சிக்கியூ' என்னும் துளைகப்பலைக் கொண்டுவந்து கிணறுகளைத் துளைத்தது. 'டொராடோ', 'பரக்கூடா' எனப் பெயரிடப்பட்ட இரண்டு கிணறுகளில் இயற்கை வாயு காணப்பட்டது. டொராடோ அமைந்த இடத்தில் கடலின் ஆழமே 1,354 மீற்றர். அதன் அடித்தளத்திலிருந்துதான் துளையிடல் தொடங்கிற்று. வாயு காணப்பட்டதாயினும் அது வெளிக்கொணரப்படவில்லை. நிறுவனமும் பின்னர் விலகிச் சென்றது. கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள கடற்பரப்பை ஆராய்வதற்கு 2016இல் பிரெஞ்சு நிறுவனமாகிய டோட்டாலுடன் அரசாங்கம் உடன்படிக்கை செய்தது. அங்கு கிணறு எதுவும் இதுவரை துளைக்கப்படவில்லை. ஆனால் வாவிக்கரை மக்களின் மீன்பிடிக் கடல் எண்ணெய் தேடுவோரின் வரைபடத்திலே கட்டங்கட்டமாகப் பிரிக்கப்பட்டாயிற்று. ஆதலின் இக்கிணறுகள் எவ்வாறு காக்கப்படுகின்றன, காவல் எங்கே தவறுகின்றது என்பதை இன்றே அறிந்து வைத்தல் நன்று.

பூமியின் ஆழத்திலுள்ள மணற்பாறையின் நுண்துளைகளில் எண்ணெயும் வாயுவும் பெரும் அமுக்கத்துடன் அடைபட்டுக் கிடக்கின்றன. பத்து மீற்றர் உயரமான நீர்த்தூண் தன் அடியில் ஒவ்வொரு சதுர சென்றிமீற்றரிலும் ஏறத்தாழ 1 கிலோகிராம் பாரத்தைச் சுமத்தும். 3,000 மீற்றர் ஆழத்தில் இது 300 கிலோகிராமாகும். பாறையிலுள்ள வாயுவின் அமுக்கம் இதற்கு ஒத்ததாகவும் இருக்கலாம்; இதனை விஞ்சியதாகவும் இருக்கலாம். துளை அப்பாறையைத் தொட்டதும், அடைபட்ட வாயு மேலே ஓடிவர முயலும். அதனைத் தடுப்பது யாது? இரும்புக் கதவன்று, சேறு.

ஆம், சேறே எண்ணெய்க் கிணற்றின் முதற்காவல். களிமண்ணையும் பேரைற்று என்னும் பாரமான கனிப்பொருளையும் நீரிற் கலந்து ஆக்கப்படும் இச்சேற்றைத் தொழிலாளர் 'மட்' என்றே அழைப்பர். தண்ணீரைவிட நான்கு மடங்குக்கு மேற்பட்ட பாரமுள்ள பேரைற்று, ஆந்திரத்தின் மங்கம்பேட்டையிலே பெருவாரியாக அகழப்படுகிறது. சேறு துளைகோலின் உள்வழியே இறங்கி, துளையலகின் வாயால் வெளிப்பட்டு, உடைந்த கற்பொடிகளை வாரிக்கொண்டு துளையின் ஓரவழியே மேலேறும். அலகைக் குளிர்விப்பதும் கற்பொடியை அகற்றுவதும் அதன் தொழில்கள். எனினும் அதன் தலையாய தொழில் பாரமாக நிற்பதே. சேற்றின் பாரம் குறைந்தால் வாயு உள்ளே புகும். மிகையானாலோ பாறை வெடித்துச் சேறு வெடிப்புகளினூடே ஓடிவிடும். துளையிற் சேற்றின் மட்டம் தாழும். அப்போதும் வாயு புகும். இவ்விரு தீமைகளுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வரம்பில் நடப்பதே கிணற்றுக் கட்டுப்பாடு என்னும் கலை.

வாயு துளைக்குள் புகுவதை 'கிக்', அதாவது உதை என்பர். உதைக்கு முன்னறிகுறிகள் உண்டு. மெல்ல இறங்கிய அலகு திடீரென விரைந்து இறங்கும். உள்ளே செலுத்திய சேற்றிலும் மிகுதியான சேறு வெளிவரும். தொட்டியில் மட்டம் உயரும். பம்பியை நிறுத்திய பின்னரும் சேறு வழிந்துகொண்டேயிருக்கும். இவற்றை நோக்குவதற்கென்றே இரவு பகலாக ஒருவர் விழித்திருத்தல் வேண்டும். நேரந்தாழ்த்தலாகாது என்பதற்குக் காரணம், பள்ளிக்கூடத்திற் கற்ற போயிலின் விதியிலேயே உள்ளது. அமுக்கம் குறையக் குறைய வாயுவின் கனவளவு பெருகும். 3,000 மீற்றர் ஆழத்தில் ஒரு லீற்றராகப் புகுந்த வாயு, தடையின்றி மேலே வந்து சேரும்போது ஏறத்தாழ முந்நூறு லீற்றராகும். அதிலும், கடைசிப் பத்து மீற்றருக்குள் மட்டுமே அது இரட்டித்துவிடும். அடியிற் புகுந்த ஆபத்து நெடுநேரம் சிறியதாகவே தோன்றும். பெரியதாகத் தோன்றும் வேளையிற் காலம் கடந்திருக்கும்.

உதையைக் கண்டவுடன் துளைத்தலை நிறுத்தி, பம்பியை ஓய்த்து, கிணற்றின் வாயை மூடுதல் வேண்டும். அதற்கான கருவி 'புளோ அவுட் பிறிவென்ரர்' எனப்படும் பீறிடல் தடுப்பி. 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெக்சாசு மாநிலத்தில் யேம்சு அபர்குரொம்பி, ஹரி கமரன் ஆகிய இருவர் இதற்கு வழிகண்டனர். இருபுறத்திலிருந்தும் தள்ளப்படும் உருக்குத் தாடைகள் குழாயைச் சுற்றி இறுகக் கவ்வும். தேவைப்படின் குழாயையே அறுத்து வாயை அடைக்கும் தாடைகளும் உண்டு. மூடியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. உள்ளே அகப்பட்ட வாயுவைச் சிறு வாயிலொன்றின் வழியே அளந்தளந்து வெளியேற்றி, பாரங்கூடிய சேற்றை அதே வேளையில் உள்ளே செலுத்துதல் வேண்டும். மாரிகாலத்து வெள்ளம் வாவியில் நிரம்பும்போது பாலமீன்மடு முகத்துவாரத்தின் மணற்றடையை வெட்டிவிடுவதை இக்கரையினர் கண்டிருக்கிறார்கள். பிந்தி வெட்டினால் வயல்கள் மூழ்கும். முந்தி வெட்டினால் வாவி நீர் வீணே வற்றும். காலமும் அளவும் அறிந்து வெட்டுவதிலேதான் திறமை உண்டு. வாயுவை வெளியேற்றும் திறமையும் அத்தகையதே.

சேறு முதற்காவலாயினும் அது துளையிடுங் காலத்துக் காவலே. கிணறு பல்லாண்டு நிலைத்து நிற்க உறைக்குழாயும் சீமெந்தும் வேண்டும். துளையிற் குறித்த ஆழம் எட்டியதும் உருக்காலான உறைக்குழாயை இறக்குவர். மேலே இருபது அங்குல விட்டமுள்ள குழாய் என்றால், அதனுள் பதின்மூன்று அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டது, அதனுள் ஒன்பதரைக்குச் சற்று மேற்பட்டது, அடியில் ஏழங்குலம் என, தொலைநோக்கியின் குழல்களைப்போல ஒன்றனுள் ஒன்றாக அவை அமையும். ஒவ்வொரு குழாய்க்கும் அதனைச் சூழ்ந்த பாறைக்கும் இடையே வளைய வடிவான ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைச் சும்மா விட்டால், வாயுவுக்கு அது மேலேறும் ஏணியாகும். ஆழத்து உவர்நீர் மேலேயுள்ள நன்னீர்ப் படையை அடைவதற்கும் அதுவே வழியாகும். அதனைச் சீமெந்தால் நிரப்பி அடைத்தல் வேண்டும்.

மூவாயிரம் மீற்றர் ஆழத்திலுள்ள அடைக்கவேண்டிய இடத்திற்குச் சீமெந்தைக் கொண்டு சேர்ப்பது எவ்வாறு? நீரிற் குழைத்த சீமெந்துக் கூழை உறைக்குழாயின் உள்வழியே கீழே செலுத்துவர். அது அடிவாயால் வெளிப்பட்டு, திரும்பி, குழாயின் வெளிப்புறமாக மேலேறும். சேறும் சீமெந்தும் ஒன்றோடொன்று கலந்து கெடாதபடி முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு அடைப்பான்களை இடுவர். 1910ஆம் ஆண்டளவில் கலிபோர்ணியாவில் அல்மண்ட் பேர்க்கின்சு என்பார் கையாண்ட முறை இது. குழாய் துளையின் நடுவே நிற்றலும் இன்றியமையாதது. ஒருபுறம் சாய்ந்து பாறையிற் பட்டு நின்றால், அகன்ற பக்கத்திலே சீமெந்து ஓடும். ஒடுங்கிய பக்கத்திலே பழைய சேறே தங்கும். தங்கிய அச்சேற்றின் வழியாகப் பின்னொரு நாள் வாயு வந்து சேரும்.

சீமெந்தை இட்ட பின்னர் வருவதே யாவற்றினும் நுண்ணிய வேளை. கூழாக இருக்கும்வரை சீமெந்து தன் முழுப் பாரத்தையும் அடியிலுள்ள வாயுவின்மேற் சுமத்தி அதனை அடக்கி வைக்கும். நன்றாக இறுகிய பின்னர் கல்லைப்போல நின்று தடுக்கும். ஆனால் கூழுமன்றிக் கல்லுமன்றி இடைப்பட்டு நிற்கும் சில மணி நேரம் உண்டு. அப்போது அது பாறைச் சுவரையும் குழாயையும் பற்றித் தொங்கத் தொடங்கும். அதனால் அடியில் அதன் பாரம் குறையும். கல்லின் வலிமையோ இன்னும் வந்திராது. மட்டக்களப்பின் எருமைத் தயிர் எங்கும் பேர்பெற்றது. உறை ஊற்றி வைத்த சட்டியை உறையுமுன் அசைத்தால் தயிர் கீறி நீர் விட்டுவிடும் என்பதை அறியாத வீடு இங்கில்லை. பின்னர் எத்துணைக் காலம் வைத்திருந்தாலும் அத்தயிர் கட்டியாகாது. இறுகும் சீமெந்தினூடே வாயு ஒருமுறை வழி கண்டுவிட்டால், அந்த வழியும் அப்படியே கல்லாகி நிலைத்துவிடும். ஆகவே தொழில் விதி நூல்கள் சீமெந்து இறுகுவதற்குக் காத்திருக்கும் காலத்தை வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கின்றன. அவ்வேளையில் எவரும் எதுவும் செய்வதாகத் தோன்றாது. துளைகருவியின் நாள்வாடகையோ ஏறிக்கொண்டேயிருக்கும். செலவைக் குறைக்கும் ஆசை மனிதனை அசைப்பது அந்த வேளையிற்றான்.

காத்திருத்தலோடு சோதித்தலும் வேண்டும். உள்ளே அமுக்கம் ஏற்றிப் பார்ப்பது ஒரு சோதனை. உள்ளேயுள்ள பாரத்தைக் குறைத்து, வெளியிலிருந்து ஏதேனும் ஊறி வருகின்றதா என நோக்குவது மற்றொன்று. ஒலிகொண்டு சோதிப்பது மூன்றாவது. சந்தையிற் பானை வாங்குபவர் தட்டிப் பார்த்தே வாங்குவர். கணீரென்று ஒலிப்பது நல்ல பானை. உறைக்குழாயில் இதற்கு நேர்மாறு. சீமெந்து பற்றாத குழாய் மணிபோல் ஒலிக்கும். சீமெந்து இறுகப் பற்றிய குழாயில் ஒலி மங்கி ஒடுங்கும். ஒலிக்கருவியைக் குழாயினுள் இறக்கி இதனை அளந்து பதிவு செய்கின்றனர்.

இவ்வளவையும் ஒரு விதியாகச் சுருக்கிக் கூறலாம். எண்ணெய்க் கிணற்றுக்கு எந்த வேளையிலும் இரண்டு காவல்கள் இருத்தல் வேண்டும். ஒன்று நல்ல நிலையில் உள்ளதெனச் சோதித்து அறியாமல் மற்றொன்றை அகற்றலாகாது. அசாம் மாநிலத்திலே ஓர் ஊர் இந்த விதியின் பெறுமதியைத் துன்பத்தின் வாயிலாகக் கற்றது.

அவ்வூரின் பெயர் பாக்ஜான். தின்சுகியா மாவட்டத்திலுள்ள அது நீர்நிலையோடு வாழும் ஊர். அண்மையிலே மாகுரி-மோடாபுங் என்னும் பெரிய சதுப்பு ஏரி. அப்பால் திப்ரு-சைகோவா தேசிய வனம். மீன்பிடித்தலும் பயிர்ச்செய்கையும் மக்களின் தொழில். மாரியில் வந்திறங்கும் பறவைகளைக் காண வெளியூரார் வருவர். வாவிக்கரை மக்கள் அவ்வூரைக் கண்டால் தம் ஊரைக் கண்டதாகவே எண்ணுவர். அங்கே ஒயில் இந்தியா நிறுவனத்திற்குச் சொந்தமான ஐந்தாம் இலக்க வாயுக் கிணறு இருந்தது. 2020ஆம் ஆண்டு மே மாதம், அக்கிணற்றிலே புதியதொரு படையிலிருந்து வாயு எடுப்பதற்கான சீரமைப்பு வேலை நடைபெற்றது. 27ஆம் நாள் காலை கிணறு கட்டுக்கடங்காமற் பீறிட்டது. வாயுவோடு வந்த எண்ணெய்த் துளிகள் மரங்களிலும் வயல்களிலும் ஏரியிலும் படிந்தன. மீன்கள் இறந்து மிதந்தன. ஆற்று ஓங்கிலொன்றின் உடலும் கண்டெடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு முகாம்களிற் புகுந்தனர். சூன் 9ஆம் நாள் கிணறு தீப்பற்றிற்று. தீயணைப்பு வீரர் இருவர் உயிர் துறந்தனர். அயலிலிருந்த வீடுகள் எரிந்து சாம்பராயின. சிங்கப்பூரிலிருந்து வல்லுநர் வந்தனர். கனடாவிலிருந்து கருவி வந்தது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாளிலேதான் கிணறு முற்றாக அடக்கப்பட்டது. ஐந்தரை மாதங்களுக்கு மேலாக ஓர் ஊர் அந்த இரைச்சலின் நடுவே வாழ நேர்ந்தது.

நேர்ந்தது யாது? தேசிய பசுமைத் தீர்ப்பாயம், நீதியரசர் கட்டாக்கி தலைமையில் ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. சோதித்து உறுதி செய்யப்பட்ட இரண்டாவது காவல் இல்லாத நிலையிலே பீறிடல் தடுப்பியை அகற்றுவது எத்துணைப் பாரதூரமான செயல் என்பது உணரப்படவில்லை என அக்குழு குறை கூறிற்று. தயிர்ச்சட்டியின் பாடமும் பானையின் பாடமும் ஒருங்கே மறக்கப்பட்டன.

இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய தவறன்று. கோதாவரிக் கழிமுகத்திலே, தென்னஞ்சோலைகள் சூழ்ந்த பாசர்லபூடியில், 1995 சனவரியிற் பீறிட்ட கிணறு அறுபது நாட்களுக்கு மேலாக எரிந்தது. செல்வத்திலும் பொறியறிவிலும் முன்னிற்கும் அமெரிக்காவில், 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள், மெக்சிக்கோக் குடாவின் மக்கொண்டோ கிணறு வெடித்துப் பதினொருவர் இறந்தனர்; எண்பத்தேழு நாட்கள் கடலினுள் எண்ணெய் கொட்டிற்று. அங்கு அடியிலிட்ட சீமெந்து வாயுவைத் தடுக்கவில்லை. ஊறுதலைக் காட்டிய சோதனையின் முடிவைத் தவறாக விளங்கிக்கொண்டனர். ஒலியாற் சோதிக்கும் குழு வந்திருந்தும், சோதனை நடத்தப்படாமலே அன்று காலை திருப்பி அனுப்பப்பட்டது. அன்றிரவே வெடிப்பு நிகழ்ந்தது. கருவி இல்லாமையால் வந்த கேடன்று இது. கருவி கூறியதைக் கேளாமையால் வந்த கேடு.

கிழக்கிலங்கைக் கடலும் எண்ணெய் ஆபத்தை எட்ட நின்றேனும் கண்டிருக்கிறது. 2020 செத்தெம்பர் 3ஆம் நாள், சங்கமன்கண்டிக்கு அப்பால், ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெயுடன் சென்ற 'நியூ டயமண்ட்' என்னும் கப்பல் தீப்பற்றிற்று. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். எண்ணெய்த் தாங்கிகள் தப்பியதால் கரையும் தப்பிற்று. அந்நாட்களில் கடற்றொழிலாளர் கடலை நோக்கி நின்ற கவலையை எவரும் மறந்திரார். வாவி, பாலமீன்மடுவிலும் பெரிய கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. கடலில் மிதப்பது முகத்துவாரத்தின் வழியே உள்ளே வரும்; வந்தால் கண்டல் வேர்களிற் படியும். இறாலின் குஞ்சுகளும் நண்டின் குஞ்சுகளும் வளரும் இடம் அதுவே. கடற்கரை மணலைக் கூட்டி வாரலாம். கண்டலின் வேரைக் கழுவுவார் யார்?

இவ்வாறு கூறுவதனால் எண்ணெய் தேடுதலே கூடாது என்பது பொருளன்று. நாட்டுக்கு எரிபொருள் வேண்டும். உலகெங்கும் பெருந்தொகையான கிணறுகள் தீங்கின்றி இயங்குகின்றன. வேண்டுவது வினாவும் விழிப்புமே. 2021ஆம் ஆண்டின் பெற்றோலிய வளங்கள் சட்டம், இத்தொழிலை மேற்பார்வை செய்யும் அதிகாரசபையொன்றை அமைத்திருக்கிறது. ஒரு நாள் இக்கடலிலே கிணறு துளைக்கப்படுமாயின், வாவிக்கரையின் மீனவர் சங்கங்களும் ஊர்ப் பெரியோரும் அந்தச் சபையிடம் சில வினாக்களைத் தயங்காது கேட்டல் வேண்டும். சீமெந்து இறுகும்வரை காத்திருக்கும் காலத்தை யார் தீர்மானிக்கிறார்? அதனைக் குறைக்க முனைவோரைத் தடுக்கும் அதிகாரம் யாரிடம் உண்டு? சோதனையின் முடிவை, துளைக்கும் நிறுவனத்தைச் சாராத ஒருவர் பார்க்கிறாரா? தேர்வு எழுதிய மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவதை எந்தப் பாடசாலையும் ஏற்பதில்லை அன்றோ? கிணறு பீறிட்டால் அதனை மூடும் கருவி எத்தனை நாளில், எங்கிருந்து வரும்? வேலை முடிந்து கைவிடப்படும் கிணறு எத்தனை சீமெந்து அடைப்புகளால் மூடப்படும்? அவற்றைச் சோதித்த பதிவு எங்கே வைக்கப்படும்?

இவற்றைக் கேட்பதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. கொட்டு இறக்கிக் கிணறு கட்டியவருக்கும், உறை ஊற்றிய சட்டியை அசையாமற் காத்தவருக்கும், பானையைத் தட்டி வாங்கியவருக்கும் இந்த அறிவு ஏற்கெனவே உண்டு. விடை கூறவேண்டிய இடத்திலும் இக்கரையின் பிள்ளைகளே நாளை அமர்தல் கூடும். இன்று போயிலின் விதியை மனனஞ் செய்யும் மாணவன், கடைசிப் பத்து மீற்றரில் வாயு இரட்டிக்கும் என்பதன் பொருளையும் சேர்த்து உணர்ந்தானாயின், ஒரு நள்ளிரவிலே துளைகருவியின் மேடையில் நின்று, 'இன்னும் இறுகவில்லை; பொறுங்கள்' என்று சொல்லும் துணிவும் அவனுக்கு உண்டாகும். ஆழ்கிணற்றுக்குச் சேறும் சீமெந்தும் உருக்கும் காவல். அக்காவல்களுக்கெல்லாம் காவலாக நிற்பது, பொறுத்திருக்கத் தெரிந்த மனிதனின் அந்த ஒரு சொல்லே.